சுவரில் மோதினால் வேறு உலகம்: ஒசாமு சாட்டோவின் கனவுக் கலை

1998 அக்டோபர் 22 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் கன்சோலுக்காக ஒரு குறுவட்டு விற்பனைக்கு வந்தது. பெயர் 'எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர்'. வெளியிட்டது அஸ்மிக் ஏஸ் நிறுவனம். வீடியோ கேம்களோடு சேர்த்து அடுக்கி விற்கப்பட்டாலும், விளையாட்டுக்கு வேண்டியது என்று நாம் நினைக்கும் எதுவும் அதில் கிடையாது. எதிரி இல்லை, ஆயுதம் இல்லை, மதிப்பெண் இல்லை, முடித்தாக வேண்டிய காரியமும் இல்லை. நடக்கலாம், அவ்வளவுதான். நடந்துபோய் ஒரு சுவரிலோ மரத்திலோ மிருகத்திலோ மோதினால் திரை ஒரு கணம் மங்கும். பிறகு வேறோர் இடத்தில் நின்றுகொண்டிருப்போம். அங்கே எதன்மீதாவது பட்டால் இன்னோர் இடம். அதிகபட்சம் பத்து நிமிடம். அதற்குள் கனவு கலைந்து, அடுத்த இரவு தொடங்கும். இப்படி 365 இரவுகள்.

உருவாக்கியவர் ஒசாமு சாட்டோ. 1960-இல் கியோட்டோவில் பிறந்தவர். டிஜிட்டல் கலைஞர், புகைப்படக்காரர், இசையமைப்பாளர், எழுத்துரு வடிவமைப்பாளர் என்று பல துறைகளில் உழைத்தவர். அவருடைய இந்த ஒரு படைப்பைப் பற்றி 25 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'கனவுபோன்ற படம்' என்று இன்று கணினியிடம் கேட்டால் சில நொடிகளில் நூறு படங்கள் வந்து விழுகின்றன: மிதக்கும் தீவுகள், தலைகீழ் அருவிகள், நிலவைச் சுமந்து நீந்தும் திமிங்கிலங்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இதில் கனவு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்கு எழுகிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய கலைஞர் என்று நான் கருதுபவர் சாட்டோ.

கனவை வரைந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1924-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெட்டன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டபோது கனவை விழிப்புக்குச் சமமான இடத்தில் வைத்தார். 1931-இல் சால்வடார் டாலி உருகும் கடிகாரங்களை வரைந்தார். போலந்தின் ஸ்ட்ஜிஸ்வாவ் பெக்ஷின்ஸ்கி, எலும்பும் துணியும் தூசியுமான பெருவெளிகளை மரநார்ப் பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்துவிட்டு, கடைசி ஆண்டுகளில் கணினிக்கு முன்னால் அமர்ந்து புகைப்படங்களை உருமாற்றிக்கொண்டிருந்தார். மூவரும் பெரிய ஆளுமைகள். ஆனால் ஓவியம் என்ற ஊடகம் ஓவியர் இருவரையும் கனவின் ஒரு கணத்தோடு நிறுத்திவிடுகிறது. கனவு கண்டவருக்கு அந்தக் கணம் விநோதமாகத் தெரிவதேயில்லை. பாட்டி வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தவர், கதவைத் திறந்ததும் ரயில் நிலையத்தில் நிற்கிறார். நிற்பது அவருக்கு இயல்பாகவே படுகிறது. கூடமும் சாதாரணம், நிலையமும் சாதாரணம். இரண்டையும் இணைத்த கதவில்தான் கனவு இருக்கிறது. அந்தக் கதவை வரைய முடியாது, கடக்கத்தான் முடியும். சாட்டோவின் முக்கியத்துவம் இங்கேதான் என்பது என் வாதம். கனவின் காட்சிகளைவிட அவற்றுக்கு இடையிலான இணைப்பைக் கலையாக்க முயன்றவர் அவர். அதற்குக் கணினியைவிடப் பொருத்தமான கருவி அவருக்கு முன் எந்தக் கலைஞருக்கும் கிடைக்கவில்லை.

இந்தச் சிந்தனை அவரிடம் திடீரென்று தோன்றியதில்லை. 1990-களின் முற்பகுதி சிடி-ராம் காலம். ஒரு வட்டில் சுமார் 650 மெகாபைட் அடங்கும் என்பதே அன்று பெரும் அதிசயம். படம், இசை, எழுத்து, அசைவு எல்லாவற்றையும் ஒரே வட்டில் வைத்து, பார்ப்பவர் தன் விருப்பப்படி அலையும்படி செய்யலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் வடிவமைப்பாளர்களைப் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் 1993-இல் 'மிஸ்ட்' என்ற ஆளில்லாத் தீவை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு சாட்டோவும் ஒரு தீவை வெளியிட்டார்: 'ஈஸ்டர்ன் மைண்ட்: தி லாஸ்ட் சோல்ஸ் ஆஃப் டோங்-நோ'. ஜப்பானிய சோனி மியூசிக் நிறுவனத்தின் வெளியீடு.

இரண்டு தீவுகளுக்கும் உள்ள தூரம் அதிகம். மிஸ்ட் ஒரு புதிர்ப்பெட்டி. ஒவ்வொரு நெம்புகோலுக்கும் காரணம் உண்டு, பொறுமையாக யோசித்தால் பூட்டு திறக்கும். டோங்-நோ தீவு பச்சை நிறத்தில் கடலில் மிதக்கும் ஒரு மனிதத் தலை. முகம் சாட்டோவுடையது. ரின் என்பவன் தன் ஆன்மாவை இந்தத் தீவிடம் இழந்துவிடுகிறான். நண்பன் ஒருவன் தற்காலிக ஆன்மாவைக் கடனாகத் தருகிறான். அது 49 நாள்தான் தாங்கும். இறந்தவர் மறுபிறப்பு எடுக்கும்வரை இடைநிலையில் கழிப்பதாகப் பௌத்த மரபு சொல்லும் அதே 49 நாள். ரின் தீவுக்குள் போய் இறந்து, வேறு உயிராகப் பிறந்து, மறுபடி இறந்து, ஒன்பது பிறவிகளைக் கடந்தே தன் ஆன்மாவை அடைய முடியும்.

மற்ற விளையாட்டுகளில் சாவு என்றால் தோல்வி. இதில் சாவு ஒரு வாசல். சாகாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகவே முடியாது. கிழக்காசியச் சமயச் சித்திரங்கள், முகமூடிகள், விலங்கும் பொறியும் கலந்த உருவங்கள், பளீரென்ற தட்டை நிறங்கள் ஆகியவற்றால் சாட்டோ அந்த உலகத்தை நிரப்பினார். பார்த்தவர்கள் அதன் விசித்திரத்தையே அதிகம் பேசினார்கள். எனக்கு அதில் முதன்மையாகப் படுவது அமைப்புதான். ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகுக்கு அறிவால் போவதற்குப் பதிலாக, தன்னை இழப்பதன் வழியாகப் போவது என்ற விதி அங்கேயே பிறந்துவிட்டது. 1995-இல் 'சூ-டெங்' என்ற தொடர்ச்சி வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எல்எஸ்டி.

எல்எஸ்டியின் மூலப்பொருள் சாட்டோவின் கனவுகள் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அஸ்மிக் ஏஸில் பணியாற்றிய ஹிரோகோ நிஷிகாவா பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கனவு நாட்குறிப்பு எழுதிவந்தவர். அதுவே அடிப்படை. அந்தக் குறிப்புகள் 'லவ்லி ஸ்வீட் ட்ரீம்' என்ற தலைப்பில் நூலாகவும் வெளிவந்தன. குறுவட்டுக்குள் சில இரவுகளில் நடப்பதற்கு எதுவும் இருக்காது. அந்தக் குறிப்புகளிலிருந்து ஜப்பானிய மொழியில் சில வரிகள் மட்டும் திரையில் தோன்றி மறையும். சில இரவுகளில் ஒரு சிறு காணொளி ஓடும்.

இந்தத் தேர்வை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கனவிலிருந்து உந்துதல் பெற்றதாகச் சொல்லும் கலைஞர்களில் பெரும்பாலோர் விழித்திருக்கும்போது கற்பனை செய்ததைக் கனவு என்று பெயரிட்டுத் தருகிறார்கள். அதில் தவறில்லை, கற்பனைக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனால் கற்பனை எப்போதும் நம் ரசனைக்குக் கட்டுப்பட்டது; அழகாக இருக்க வேண்டும், அர்த்தம் தொனிக்க வேண்டும் என்ற ஆசை அதில் கலந்துவிடும். கனவுக்கு அந்த ஆசை கிடையாது. இன்னொருவர் பத்தாண்டு காலம் எழுதிவைத்த குறிப்புகளைக் கையில் எடுக்கும்போது கலைஞனின் ரசனைக்கு ஒரு கடிவாளம் விழுகிறது. தனக்குப் பிடிக்காததும், சப்பென்று இருப்பதும், காரணமே இல்லாததும் உள்ளே வந்தாக வேண்டும்.

ஜப்பானில் இதற்கு நீண்ட பின்புலம் உண்டு. அதுவும் கியோட்டோவிலேயே உண்டு. 1173-இல் பிறந்த மியோயே என்ற பௌத்தத் துறவி தமது 19-ஆம் வயதில் கனவுகளை எழுதத் தொடங்கி, ஏறத்தாழ 40 ஆண்டுகள், வாழ்வின் இறுதிக்காலம்வரை எழுதினார். கியோட்டோவின் வடமேற்கு மலைகளில் உள்ள கோஸன்ஜி ஆலயம் அவரோடு தொடர்புடையது. புத்தரும் போதிசத்துவர்களும் வரும் கனவுகளோடு, நாயும் பூச்சியும் வரும் சில்லறைக் கனவுகளையும் அவர் ஒதுக்காமல் குறித்தார். உளவியலாளர் ஹயாவோ கவாய் 1987-இல் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். 1908-இல் எழுத்தாளர் நட்சுமே சோசெகி பத்து இரவுகளின் கனவுகளைச் சிறுகதைகளாக எழுதியது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. சாட்டோ மியோயேயைப் படித்துத்தான் இதைச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. கனவைப் பலன் சொல்வதற்காக மட்டும் பார்க்காமல், தேதியிட்டு எழுதிவைக்கத் தகுந்த ஆவணமாக மதிக்கும் பழக்கம் அந்தப் பண்பாட்டில் எட்டு நூற்றாண்டுகளாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிஷிகாவாவின் நாட்குறிப்பு அந்த வரிசையில் வருவது.

அறிவியல் என்ன சொல்கிறது? 1953-இல் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் உறக்கத்தில் கண்கள் விரைவாக அசையும் கட்டத்தைப் பற்றி எழுதினார்கள். கனவை நேரம் பார்த்து எழுப்பிக் கேட்க முடியும் என்ற நிலை அதன்பின் வந்தது. 1966-இல் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் கனவு விவரிப்புகளை எண்ணிக்கையாக மாற்றும் முறையை வகுத்தார்கள். 100 ஆண்கள், 100 பெண்கள், ஆளுக்கு 5 கனவுகள் என்று 1,000 விவரிப்புகளை வைத்து அவர்கள் அளவுகோலை அமைத்தார்கள். அந்த முறையைப் பின்பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய ஒன்று, நம் கனவுகளில் பெரும்பகுதி சாதாரணமானவை என்பது. வீடு, தெரு, பள்ளிக்கூடம், தெரிந்த மனிதர்கள், சிறு சச்சரவு, தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம். மிதக்கும் தீவுகள் அபூர்வம்.

அப்படியானால் கனவின் விநோதம் எங்கிருந்து வருகிறது? 1977-இல் ராபர்ட் மக்கார்லியுடன் சேர்ந்து கனவுக்கு நரம்பியல் விளக்கம் முன்வைத்த ஆலன் ஹாப்சன், பின்னாளில் கனவின் விநோதத்தை மூன்று வகையாகப் பிரித்தார். காட்சி தொடர்ச்சியில்லாமல் முறிவது ஒன்று. பொருந்தாதவை ஒன்றாக இருப்பது இன்னொன்று. இது யார், இது எந்த இடம் என்று உறுதியாகத் தெரியாமலிருப்பது மூன்றாவது. ஓவியர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் பிடிக்க அவர்களிடம் கருவியில்லை. சாட்டோவின் உலகை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அவருடைய கூர்மை புரியும். அவருடைய முதல் இரவு ஒரு வீட்டுக்குள் தொடங்குகிறது. பிறகு வருபவை புல்வெளி, விளக்குக் கம்பங்கள் நிற்கும் இருண்ட தெரு, நீண்ட நடைபாதை, பொம்மை வீடுகள்போல் நிறமடித்த ஊர், கோயிலும் மரவேலிகளுமாய் ரசிகர்கள் 'கியோட்டோ' என்றே அழைக்கும் ஒரு பகுதி. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பல சாதாரணமானவை. வேலியில் கை பட்டதும் புல்வெளிக்கு எறியப்படும்போதுதான் கனவு தொடங்குகிறது.

அந்த இணைப்பின் விதிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மோதும் பொருளைப் பொறுத்தும் தற்செயலைப் பொறுத்தும் அடுத்த இடம் அமைகிறது. சுவர் வழியாகப் போனால் ஓரிடம், உயிருள்ள ஒன்றைத் தொட்டால் முற்றிலும் எதிர்பாராத வேறிடம். போன வழியே திரும்ப முடியாது. விளிம்பிலிருந்து கீழே விழுந்தால் கனவு அங்கேயே கலைந்துவிடும்; விழும்போது திடுக்கிட்டு எழும் அனுபவம் யாருக்குத்தான் இல்லை? ஒவ்வோர் இரவும் முடிந்ததும் ஒரு கட்டம் திரையில் வரும். நெடுக்கு அச்சு மனத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும்; கிடை அச்சு அசைவையும் அசைவின்மையையும் காட்டும். எந்த இடங்களில் திரிந்தோம், எவற்றைத் தொட்டோம் என்பதைக் கணக்கிட்டு அன்றைய கனவுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி விழும். நாட்கள் கூடக்கூட இடங்களின் தோலும் மாறத் தொடங்கும். நேற்றுச் செங்கல்லாக இருந்த சுவர் இன்று எழுத்துகளால் மூடியிருக்கும். இன்னொரு நாள் கண்கள் அல்லது கூசும் நிறங்கள். வீதியின் வரைபடம் அதே, முகம் வேறு. ஏற்கெனவே வந்த இடம் என்று கால்களுக்குத் தெரியும், கண்களுக்குத் தெரியாது. ஹாப்சன் சொன்ன மூன்றாவது வகை, அந்த உறுதியின்மை, இதைவிடத் துல்லியமாக எந்தக் கலையிலும் வெளிப்பட்டு நான் பார்த்ததில்லை.

தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த ஒரு சாம்பல் நிற மனிதன் சில இரவுகளில் எதிரே வருவான். தாக்க மாட்டான், பேச மாட்டான். அவன் நெருங்கினால் திரை பளிச்சிடும், அவன் மறைவான். அந்த இரவு தொடர்ந்து நடக்கலாம். எதுவும் ஆகாததுபோலவே இருக்கும். பிறகுதான் தெரியும், பழைய கனவுகளை மறுபடி பார்க்கும் வசதி நம்மிடமிருந்து பறிபோய்விட்டது என்று. விளையாட்டுகளில் எதிரி உயிரை எடுப்பான். இவன் நினைவை எடுக்கிறான். காலையில் எழுந்ததும் கனவு விரல்களுக்கு இடையில் நழுவிப் போவதற்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்த உருவத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. மறதிக்குக் கோபமோ வன்மமோ கிடையாது என்று சாட்டோ புரிந்துவைத்திருந்தார்.

இவ்வளவையும் தாங்கிய இயந்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படத்துக்கான நினைவகம் 1 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பல நேரம் அதைவிடப் பெரியது. முப்பரிமாண உலகை வரையும்போது அந்த இயந்திரம் பல கணக்குகளைக் குறுக்குவழியில் போட்டது. ஒரு பரப்பின்மீது ஒட்டப்படும் படம் தொலைவுக்கு ஏற்பச் சரியாகச் சுருங்குவதற்குத் தேவையான வகுத்தலை அது செய்யாது. அதனால் தரையும் சுவரும் நாம் நெருங்கும்போது வளைந்து நெளியும். உருவங்களின் முனைகளைத் திரையில் முழு எண் இடங்களில் மட்டுமே வைக்கும், பின்னங்கள் கிடையாது. அதனால் நிலையாக நிற்க வேண்டிய கட்டடம் நம் அசைவுக்கேற்ப நடுங்கும். எந்தப் பொருள் முன்னே, எது பின்னே என்று ஒவ்வொரு புள்ளியிலும் சரிபார்க்கும் நினைவகமும் இல்லை. அதனால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்குள் புகுந்து தெரியும். தொலைவில் இருப்பதை வரைய நேரம் போதாது. அதனால் சில அடி தூரத்துக்கு அப்பால் வெறும் நிறம்தான், நெருங்கினால் சட்டென்று ஒரு மரம் முளைக்கும்.

மற்ற வடிவமைப்பாளர்கள் இந்தக் குறைகளை மறைக்கப் பாடுபட்டார்கள். சாட்டோவின் படைப்பில் இவை குறைகளாகவே தெரியவில்லை. கனவில் நாம் பார்க்காத பக்கம் இருப்பதில்லை. பார்வை திரும்பும்போதுதான் அது உருவாகிறது. கனவில் ஒரு பக்க எழுத்தைப் படித்துவிட்டுக் கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் எழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும். நெளியும் தரை, நடுங்கும் கோபுரம், வெறுமையிலிருந்து முளைக்கும் மரம் என எல்லாமே உறக்கத்தில் மூளை உலகைத் தைக்கும் விதத்துக்கு மிக நெருக்கமானவை. இதே படைப்பை இன்றைய இயந்திரத்தில் துல்லியமான ஒளி நிழலோடு உருவாக்கினால் அழகான காட்சி கிடைக்கும். கனவு போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி ஒன்றை ஒரு வணிக நிறுவனம் எப்படி வெளியிட்டது என்ற கேள்விக்கும் அந்தக் காலமே விடை. பிளேஸ்டேஷனை உருவாக்கிய சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட், சோனியும் சோனி மியூசிக்கும் சேர்ந்து 1993-இல் தொடங்கியது. இசைத்தட்டு உலகின் பழக்கம் அங்கே ஊடுருவியிருந்தது: பத்து வட்டுகளில் ஒன்று ஓடினால் போதும், மற்றவை சோதனைகளாக இருக்கலாம். குறுவட்டு அச்சிடும் செலவும் பழைய கார்ட்ரிட்ஜைவிட மிகக் குறைவு. இசைக்கலைஞர் மசாயா மட்சுவுரா 1996-இல் 'பராப்பா தி ராப்பர்' செய்ததும் இதே சூழலில்தான். விளையாட்டு செய்யும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை, கன்சோலைக் கலைக்கான ஊடகமாகவே பார்த்ததாகச் சாட்டோ பேட்டிகளில் கூறியிருக்கிறார். அந்தக் கதவு சில ஆண்டுகளே திறந்திருந்தது. அவர் அதற்குள் நுழைந்துவிட்டார்.

இனி, குறைகள். முதலாவது, கனவின் தாவல் சாட்டோ நினைத்த அளவுக்குத் தன்னிச்சையானது இல்லை. சிந்தியா ரிட்டன்ஹவுஸ், ராபர்ட் ஸ்டிக்கோல்ட், ஹாப்சன் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கனவில் ஒன்று இன்னொன்றாக மாறும்போதுகூட வரம்பு இருப்பதைக் காட்டினார்கள்: ஆள் இன்னோர் ஆளாகவும், பொருள் இன்னொரு பொருளாகவும் மாறுவதே வழக்கம். அதாவது முறிவுக்கு அடியில் ஏதோ ஒரு சொந்தம் ஓடுகிறது. சாட்டோவின் இணைப்புகளில் அந்தச் சொந்தம் பல நேரங்களில் அறுந்துவிடுகிறது. தற்செயலின் கை ஓங்கிவிடுகிறது. முதல் சில பத்து இரவுகளுக்குப் பிறகு தாவல் பழகிப்போய் அதிர்ச்சி தேய்வதற்கு இதுவே காரணம். இரண்டாவது, மனநிலையை ஏற்றம் இறக்கம் என்ற ஒரே அச்சில் அடைப்பது மிக எளிமையான கணக்கு. கனவின் உணர்ச்சி அதைவிட நுட்பமானது. மகிழ்ச்சியான இடத்தில் காரணமில்லாத துக்கம் வருவதே கனவின் இயல்பு. மூன்றாவது குறை ஊடகத்தின் குறை. கனவு காண்பவர் எதற்கும் வியப்பதில்லை. நாமோ விழித்திருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் வியக்கிறோம். அந்த ஏற்புத்தன்மையை எந்தக் கலையாலும் முழுமையாகத் தர முடியாது. இரவு நேரத்தில், நெடுநேரம் நடந்து சோர்ந்தபின், சில நிமிடங்கள் அது நெருங்கிவருகிறது. ஒரு கலைப்படைப்பிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை.

எல்எஸ்டி வெளியானபோது ஜப்பானுக்கு வெளியே போகவேயில்லை. பழைய பொருள் சேகரிப்போரிடம் அதன் விலை ஏறிக்கொண்டே போனது. இணையத்தில் காணொளிகள் பெருகியபிறகு, அதை ஒருபோதும் தொட்டிராத இளைஞர்கள் மற்றவர் நடப்பதைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டார்கள். 2010-இல் ஜப்பானியப் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் மறுபடி கிடைத்தது. ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். புதிய கணினிகளுக்காக மீண்டும் கட்டியெழுப்பும் முயற்சியிலும் இறங்கினார்கள். இதற்கிடையே 2004-இல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் 'யுமே நிக்கி', அதாவது கனவு நாட்குறிப்பு, என்ற விளையாட்டை இலவசமாக இணையத்தில் வெளியிட்டார். அறையை விட்டு வெளியே வர மறுக்கும் ஒரு சிறுமி உறங்கி உறங்கித் தன் கனவுகளுக்குள் நடக்கிறாள். அங்கும் இலக்கு என்று யாரும் சொல்வதில்லை, அங்கும் வாசல்கள் காரணமின்றித் திறக்கின்றன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கனவுக்கு உகந்த வடிவம் நடை என்ற முடிவுக்கு இருவேறு கலைஞர்கள் வந்துசேர்ந்தது பொருள் பொதிந்தது.

கனவையும் கணினியையும் பற்றி நடந்த ஆய்வுகளில் மிக முக்கியமான ஒன்றும் கியோட்டோ வட்டாரத்திலிருந்தே வந்தது. 2013-இல் யுகியாசு கமிட்டானியின் குழு, மூன்று பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் உறங்கவைத்து, உறக்கம் பிடிக்கும் கட்டத்தில் திரும்பத் திரும்ப எழுப்பி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டது. அவர்கள் சொன்ன பொருள்வகைகளின் படங்களை விழித்திருக்கும்போது பார்க்கவைத்து, அப்போதைய மூளைச் செயல்பாட்டைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்தபின், ஏறத்தாழ 60 விழுக்காடு துல்லியத்தோடு, கனவில் என்ன வகைப் பொருள் தோன்றியது என்று கணினியால் ஊகிக்க முடிந்தது. தற்செயலாக ஊகித்தால் கிடைப்பதைவிட இது தெளிவாக மேல். கனவைப் படமெடுப்பதற்கு இது வெகுதூரம் கீழ். அந்த ஆய்வும் நிஷிகாவாவைப் போலவே, எழுந்தவரின் வாய்மொழியைத்தான் நம்பியிருந்தது.

2015-இல் கூகுள் பொறியாளர் அலெக்சாண்டர் மோர்ட்வின்ட்சேவ் 'டீப்ட்ரீம்' என்ற நிரலை வெளியிட்டபோது, இயந்திரம் கனவு காண்கிறது என்று உலகம் பரவசப்பட்டது. மேகங்களில் நாய்முகங்கள் முளைத்தன. காரணம் எளிது. அந்த வலையமைப்புக்குப் பயிற்சி கொடுத்த படத்தொகுப்பின் 1,000 வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாயினங்கள். தான் அதிகம் கற்றதை எங்கும் கண்டது. அதிலாவது இயந்திரத்துக்கே உரிய ஒரு பிடிவாதம் இருந்தது. 2022-க்குப் பிறகு பெருகிய சொல்லிலிருந்து படம் தரும் கருவிகள் வேறு வகை. 'கனவு' என்ற சொல்லை அவற்றிடம் கொடுத்தால், அந்தச் சொல்லோடு மனிதர்கள் இதுவரை சேர்த்துவைத்த படங்களின் சாரத்தைத் திருப்பித் தருகின்றன. யாரும் கண்டிராத கனவுகளின் சராசரி அது. அந்தப் படங்களை வெறுக்கத் தேவையில்லை, அவற்றில் அழகும் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் எழுந்து உட்கார்ந்து, மறப்பதற்குள் எழுதிவைத்த ஒரு மனிதர் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாசலும் இல்லை. கனவுக் கலைக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதை 2 மெகாபைட் நினைவகத்தில் நிரூபித்துக் காட்டிய படைப்பு நம் கண்முன்னே இருக்கிறது.

அது எத்தனை காலம் இருக்கும் என்பதுதான் கவலை. ஓவியம் சுவரில் தொங்கினால் போதும். குறுவட்டுக் கலைக்கு அது பிறந்த இயந்திரமும் உயிரோடு இருக்க வேண்டும். சாட்டோவின் 1994, 1995 படைப்புகள் எழுதப்பட்ட மேகிண்டாஷ் கணினிகள் இன்று அருங்காட்சியகப் பொருட்கள். இன்றைய கணினியில் அந்த வட்டுகளைப் போட்டால் நேரடியாகத் திறக்காது. இதுவரை அவற்றை வாழவைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைக்கும் ரசிகர்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 நவம்பரில் முதன்முறையாக 14 வீடியோ கேம்களைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்தது. மிஸ்ட் அதில் இருந்தது. மட்சுவுராவின் 'விப்-ரிப்பன்' இருந்தது. எல்எஸ்டி இல்லை. கலை அருங்காட்சியகங்கள் இந்தப் படைப்பையும், அதனோடு நிஷிகாவாவின் நாட்குறிப்பையும், படைப்பு இயங்கத் தேவையான கன்சோலையும் ஒன்றாக வாங்கிப் பாதுகாக்க வேண்டும். அந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.